கறுப்புக் கண்ணாடிச் சங்கம்

"உள்ள போனதும் சிரிக்கக் கூடாது," என்றாள் அண்ணி.

"சிரிப்பு வந்தா?"

"இருமு."

இரண்டாம் மாடிக் கதவைத் தள்ளினேன். பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் தடித்த திரை போட்டிருந்தது. அந்த அரை இருட்டில் தலை நரைத்த ஆண்கள் ஒரு கூட்டமாகக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பழங்காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர், அதன் மேல் பெட்டி மாதிரி ஒரு மானிட்டர். நான் இருமினேன். யாரோ ஒருவர் எனக்குத் தண்ணீர் நீட்டும் அளவுக்கு இருமினேன்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. தொழில் துப்பறிவது. லாண்டரிக்கு மேலே ஒரே அறை, ஒரே மேஜை, கால் ஆடும் இரண்டு நாற்காலி. ஆயுள் காப்பீடு விற்கப் போய், என் பேச்சைக் கேட்டவர்கள் ஆயுளே வேண்டாம் என்று ஓடியதால் நான் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். சம்பளம் தருவாள். மரியாதை கேட்டால் முறைப்பாள்.

வழக்கமாக எங்களிடம் வருவது காணாமல் போன மாப்பிள்ளைகளும் கள்ளக் கணக்கு எழுதும் பங்காளிகளும்தான். இன்றைக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் என் அண்ணன். அவள் கட்டிக்கொண்ட மனிதன்.

இந்தக் கூட்டத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் சங்கம் என்று பெயர். அண்ணன் இதன் செயலாளர். அதாவது பெருக்குவது, துடைப்பது, டீ வாங்குவது, மற்றவர்கள் பீற்றிக்கொள்ளும்போது தலையாட்டுவது. இங்கே கண்ணாடி அலமாரியில், கம்ப்யூட்டருக்குள் செருகுகிற கார்டு ஒன்று இருந்தது. சங்கத்தை ஆரம்பித்தவர் தன் கையாலேயே ஈயம் பற்ற வைத்துச் செய்தது. உலகத்திலேயே ஒன்றுதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. நேற்று மாலை அலமாரி பூட்டியபடியே இருக்க, உள்ளே கார்டு மட்டும் இல்லை. சாவி அண்ணன் பொறுப்பில். இன்று சாயங்காலத்துக்குள் கார்டு வராவிட்டால் போலீசில் புகார் என்று தலைவர் சொல்லிவிட்டார். அண்ணன் கல்லூரி ஒன்றில் லேப் அசிஸ்டன்ட். திருட்டுப் புகார் என்று ஒரு காகிதம் போனால் போதும், அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள்.

அண்ணனோ "நான் எடுக்கல" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டுவிட்டான்.

தலைவர் ஒரு பல் டாக்டர். எங்களை உட்காரச் சொன்னார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"நாங்க யாரையும் திருடன்னு சொல்லலம்மா," என்றார். "சாவி அவர்கிட்ட இருந்துச்சு. அதைத்தான் சொல்றோம்."

"எப்பவும் அவர்கிட்டதான் இருக்குமா?"

"செயலாளர்கிட்டதான் இருக்கணும். அது சங்கத்தோட விதி."

"விதி கிடக்கட்டும். டீ வாங்க யார் போவாங்க?"

"அவர்தான்."

"போகும்போது சாவி?"

டாக்டர் கொஞ்சம் நெளிந்தார். "மேஜையில வெச்சுட்டுப் போவாரு. பெரிய கொத்து. பாக்கெட் கிழியுதுன்னு…"

"அது இங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்தான். ஆனா நேத்து கார்டு இல்லேன்னு கண்டுபிடிச்ச உடனே கதவைச் சாத்திட்டு எல்லார் பையையும் பாக்கெட்டையும் சோதிச்சோம். கம்ப்யூட்டரை எல்லாம் திறந்துகூடப் பாத்தோம். எங்கேயும் இல்ல. அதுக்கு முன்னாடி ஹாலை விட்டு வெளியே போன ஒரே ஆள் அவர்தான்."

"உங்களுக்கு டீ வாங்கத்தானே போனாரு."

"ஆமா."

"குடிச்சீங்களா?"

"குடிச்சோம்."

"மானிட்டரைத் திறந்து பாத்தீங்களா?"

டாக்டர் பதறிவிட்டார். "ஐயையோ, அதை யாரும் திறக்க மாட்டோம்மா. அணைச்சு வெச்சாலும் உள்ள பிக்சர் ட்யூப்ல கரண்டு தங்கியிருக்கும். தெரியாம தொட்டா ஆளைத் தூக்கி எறிஞ்சிரும்."

இவ்வளவு நேரம் பேசியும் இந்த ஆட்கள் ஏன் இருட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. கேட்டேன். பாவம், யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர் போல டாக்டர் விளக்கினார்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் திரையில் இருநூறு கோடுதான் வருமாம். நிலாவை வரைந்தால் செங்கல் போலத் தெரியும். அதை நானூறு கோடாக்க ஒரு தந்திரம் உண்டு. ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகளை அடுத்த தடவை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். படம் நுணுக்கமாக வரும், ஆனால் திரை நடுங்க ஆரம்பித்துவிடும். உற்றுப் பார்த்தால் தலைவலி. அதற்குத்தான் கறுப்புக் கண்ணாடி. நன்றாகத் தெரிய வேண்டும் என்று வருஷக் கணக்கில் பாடுபட்டுவிட்டு, தெரிந்ததும் கண்ணை மறைத்துக்கொள்கிற சங்கம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். என் பாக்கெட்டில் கிடந்த போனில் இதைவிடப் பல மடங்கு கோடுகள் இருந்தன. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணி காலை மிதித்தாள்.

"காணாமப் போன கார்டு என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

"நானூறு கோட்டை நடுங்காமக் காட்டும்," என்றார் டாக்டர். செத்துப்போன உறவுக்காரரைப் பற்றிக்கூட மனிதர்கள் இவ்வளவு உருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

நாளைக்கு வருடாந்தரப் போட்டி. பழைய கம்ப்யூட்டர், பழைய மானிட்டர், அதில் யார் அதிக நுணுக்கமாகப் படம் காட்டுகிறார்களோ அவருக்குக் கோப்பை. கோப்பையை ஐந்து வருஷமாக ஒருவரே வாங்கிக்கொண்டிருக்கிறார். ஹாலின் மூலையில், மேஜையைச் சுற்றிக் கயிறு கட்டி உட்கார்ந்திருந்தார் அவர். ஊரெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் முதலாளி. சங்கத்தில் அவருக்குத் 'துல்லியம்' என்று பட்டப்பெயர். கேலிக்காக வைத்ததைப் பட்டமளிப்பு விழாவில் கொடுத்தது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டவர்.

அவர் மானிட்டர் மற்றவற்றைவிடப் பெரியது. முன்னால் புகைநிறக் கண்ணாடி. உள்ளே திரையில் ஒரு மயிலிறகு தெரிந்தது. நார் நாராக, அசையாமல். எனக்கே கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருந்தது, அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க," என்றார் துல்லியம். "மூச்சுக்காத்து பட்டா செட்டிங் மாறும்."

"நீங்க மட்டும் கறுப்புக் கண்ணாடி போடலையே சார்," என்றாள் அண்ணி.

"இவங்க போட்டிருக்கறது எல்லாம் என் கடைச் சரக்குதான். எனக்குத் தேவையில்ல. இவங்க படம் நடுங்குது, என் படம் நடுங்கல. பின்னாடி இருக்கற குமிழை வருஷக் கணக்கா மயிரிழை மயிரிழையாத் திருப்பி உக்கார வெச்சிருக்கேன். அதுக்குப் பொறுமை வேணும், ஒரு தரம் வேணும். லேப்ல பாட்டில் கழுவறவங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"பாட்டில் கழுவறவரோட பொண்டாட்டி நான்."

"தெரியும். அதனாலதான் விளக்கமாச் சொல்றேன்."

அண்ணியின் முகம் மாறவே இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் முகம் இப்படித்தான் துடைத்துவிட்டது போல ஆகும். என் கைதான் துறுதுறுத்தது. எதையாவது செய்தே ஆக வேண்டும் போலிருந்தது. கட்டடத்துக் காவலாளியின் பூனை ஒன்று டாக்டரின் மானிட்டர் மேல் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி வந்து கயிற்றுக்கு மேலாகக் கை நீட்டித் துல்லியத்தின் மானிட்டர் மேல் வைத்தேன்.

"ஏய், ஏய்," என்று அவர் எழுந்தார்.

அவர் விரட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. பூனை ஒரு தடவை முகர்ந்து பார்த்தது, வயிற்றைத் தாழ்த்தியது, உடனே எழுந்து பக்கத்து மானிட்டருக்குத் தாவி அங்கே சுருண்டு படுத்துக்கொண்டது.

"பூனைக்கே உங்க தரம் ஒத்துக்கல சார்," என்றேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எப்போ ஆன் பண்ணீங்க?"

"காலையிலேருந்து ஓடுது. ஏன்?"

"சும்மா கேட்டேன். அழகா இருக்கு மயிலிறகு," என்று சொல்லிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு ஜன்னல். கீழே தெருவில் லாரி ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அண்ணி ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்றாள்.

"தம்பி, போன வருஷம் போட்டி முடிஞ்சப்ப வீடு என்ன வாசனை அடிச்சுது, ஞாபகம் இருக்கா?"

இருக்காதா. துல்லியம் ஒவ்வொரு வருஷமும் தன் மானிட்டரை வீட்டிலிருந்து காரில் கொண்டுவருவார். இரண்டு மாடி ஏற்றுவது அண்ணன் வேலை. கேட்டால் அவருக்கு இதயம் பலவீனமாம். அது இரண்டு பேர் தூக்க வேண்டிய சாமான். அண்ணன் ஒண்டியாகத் தூக்கிவிட்டு வந்து ஒரு வாரம் குப்புறப் படுப்பான். அண்ணி இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே அந்த மானிட்டரையும் அதைச் செய்தவனையும் வாங்கியவனையும் திட்டுவாள். தைல வாடையில் சாப்பாடு இறங்காமல் நான் ஹோட்டலுக்குப் போய்விடுவேன்.

"இந்த வருஷம் வாசனையே இல்லையே," என்றேன்.

"இல்ல. மானிட்டர் மேல வந்து மூணு நாளாச்சு. மனுஷன் குனிஞ்சு செருப்பு மாட்டறாரு."

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அண்ணன் எடுத்தான்.

"சாப்டீங்களா?"

"ம்."

"கார்டை யார் எடுத்திருப்பாங்கன்னு நெனைக்கறீங்க?"

கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் படுக்கிறான்.

"சரி, அதை விடுங்க. நாளைக்குப் போட்டியில அந்தக் கார்டை வெச்சு என்ன பண்றதா இருந்தீங்க?"

நேற்றிலிருந்து வாயில் பூட்டுப் போட்டிருந்த மனிதன் பேசத் தொடங்கினான். இந்த வருஷம் கார்டை அலமாரியிலிருந்து எடுக்கலாம் என்பது அவன் யோசனையாம். போட்டியாளர் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் அதை மாற்றி மாற்றிச் செருகி, ஒரே படத்தை எல்லா மானிட்டரிலும் காட்டி, எது நன்றாகக் காட்டுகிறதோ அதற்குப் பரிசு. சங்கமே ஒத்துக்கொண்டதாம். அந்தக் கார்டில் படம் வருவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவனுடைய எத்தனையோ வருஷத்து ஆசை. அதைச் சொல்லும்போது அவன் குரலில் சந்தோஷம் இருந்தது.

"எல்லா மானிட்டரும் அந்தக் கார்டை ஏத்துக்குமா?"

"கார்டு கோடு போடற வேகம் வேற. ஆனா இந்த மாதிரிப் பழைய ட்யூப் மானிட்டர்ல பின்னாடி குமிழைத் திருப்பிப் புடிச்சுக்கலாம். இப்ப வர்ற தட்டை ஸ்கிரீன்தான் புடிக்காது, அதுக்குத் தெரிஞ்ச வேகம் மட்டும்தான்…"

அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

"இடுப்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"இந்த வருஷம் தைலமே கேக்கலையே நீங்க."

போன் துண்டிக்கப்பட்டது. அண்ணி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சிறிது நேரம் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதையோ கண்டுபிடித்த சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை.

"வா தம்பி. உனக்கு ஒரு வேலை இருக்கு. விழணும்."

"எது மேல?"

"ஒரு கேபிள் மேல."

"அடிபட்டா?"

"காப்பீடு வித்தவன்தானே நீ. உனக்கு ஒண்ணு எழுதிக்காம விட்டியா?"

ஹாலுக்குத் திரும்பினோம். அண்ணி கைதட்டினாள். கறுப்புக் கண்ணாடிகள் எல்லாம் திரும்பின.

"கார்டு இந்த ஹாலை விட்டு வெளியே போகல," என்றாள். "அதைச் சரிபாக்கணும். எல்லாரும் தயவுசெஞ்சு மானிட்டர் கேபிளைக் கம்ப்யூட்டர்லேருந்து உருவுங்க. கரண்டை அணைக்க வேண்டாம், கேபிள் மட்டும்."

முணுமுணுப்பு எழுந்தது. பல் டாக்டர் முதலில் உருவினார், மற்றவர்களும் ஒவ்வொருவராக உருவினார்கள். ஒரு திரை இருண்டது. இன்னொன்று வெறுமையாகச் சாம்பல் பூத்தது. வேறொன்றில் ஒரு கோடு மினுங்கி மறைந்தது. அத்தனை வயதான பெட்டிகள் வேறெப்படி நடந்துகொள்ளும். மூலையில் மயிலிறகு மட்டும் அசையாமல் நின்றது.

"சார், உங்களுது," என்றாள் அண்ணி.

"முடியாது. உருவினா செட்டிங் போயிடும். அஞ்சு வருஷ உழைப்பு. டாக்டர், இந்தம்மாவை யாரு உள்ள விட்டது?"

நான் அக்கறையாக அவரைச் சமாதானப்படுத்தப் போனேன். கயிறு காலில் மாட்டியது. மாட்டும்படி வைத்தேன் என்பதே சரி. மேஜையின் பக்கவாட்டில் சாய்ந்து, பிடிமானத்துக்குக் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டேன். கிடைத்தது கேபிள்தான். முழங்காலில் நிஜமாகவே அடிபட்டது.

மயிலிறகு மறைந்தது. திரை முழுக்கக் கறுத்தது. பிறகு நட்டநடுவில் ஒரு சின்ன நீலக் கட்டம் தோன்றியது. அதில் வெள்ளை எழுத்தில் 'நோ சிக்னல்' என்று போட்டிருந்தது. கட்டம் மெதுவாக ஒரு மூலைக்கு நகர்ந்து முட்டித் திரும்பி அடுத்த மூலைக்குப் போனது.

ஒவ்வொருவராகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்கள்.

"இது பழைய மானிட்டர் இல்லையா?" என்றேன் தரையிலிருந்து.

"பெட்டி மட்டும் முப்பது முப்பத்தஞ்சு வருஷப் பழசு," என்றாள் அண்ணி. "அந்தக் காலத்து மானிட்டருக்குக் கேபிளை உருவினா உருவினதுகூடத் தெரியாது. இது என்னடான்னா இங்கிலீஷ்ல தகவல் சொல்லுது."

துல்லியத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"பழைய பெட்டிக்குள்ள இப்பத்திய தட்டை ஸ்கிரீன்," என்றாள் அண்ணி. "அது நடுங்காது, அதான் இவருக்குக் கறுப்புக் கண்ணாடி தேவைப்படல. அது சூடாகாது, அதான் பூனை படுக்கல. அது கனமில்ல, அதான் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலிக்கல. நாளைக்கு அந்தக் கார்டைச் செருகினா இந்த ஸ்கிரீன் அதோட வேகத்தைப் புடிக்காது, இதே நீலக் கட்டம் எல்லார் முன்னாடியும் வந்திருக்கும். கார்டை வெச்சுக்கணும்னு இவர் எடுக்கல, யாரும் செருகக் கூடாதுன்னுதான், சாவி மேஜையில கிடந்த நேரமாப் பாத்து எடுத்தாரு. டாக்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க."

"ஷாக் அடிக்கும்," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"ட்யூப் இருந்தாத்தானே அடிக்கும்."

அவளே திறந்தாள். பின்மூடி கழன்று வந்தது. ஒரு ஆள் தலையை விட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆழமான பெட்டி. முன்பக்கத்தில் தோசைக்கல் கனத்துக்கு ஒரு ஸ்கிரீனும் தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. மீதியெல்லாம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் அடியில், மூக்குக்கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியில் பொதிந்து, நிறுவனர் கார்டு கிடந்தது. ஆளைத் தூக்கி எறியும் என்று பயந்து யாரும் திறக்காத ஒரே இடம்.

துல்லியம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவமானப்பட்டவர்கள் தலையைக் குனிவார்கள் என்பார்கள். அவர் குனியவில்லை.

"ட்யூப் செத்துப்போச்சு," என்றார். "போன வருஷம் கோப்பை வாங்கின அடுத்த மாசம். எங்க தேடியும் வேற கிடைக்கல. நான் என்ன பண்ணுவேன், போட்டிக்கு வராம இருக்கவா?"

"இருந்திருக்கலாம்," என்றேன். "நாங்கெல்லாம் இருக்கலையா?"

அவர் என்னைக் கவனிக்கவில்லை. அண்ணியைப் பார்த்து, தன் கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் பேசுகிற அதே தோரணையில் சொன்னார்: "ரொம்பக் குதிக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். தூக்கிட்டு வந்தவருக்குத் தெரியாம இருக்குமா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்கு கொடுத்திருக்காரு."

"ஆமா," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

அண்ணன் நின்றுகொண்டிருந்தான். போனை வைத்த கையோடு ஓடிவந்திருக்க வேண்டும். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. அண்ணி அவனிடம் நடந்து போனாள்.

"கார்டை இவர்தான் எடுத்தாருன்னும் தெரியுமா?"

"நேத்து ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன். புரிஞ்சுது."

"எங்க இருக்கும்னு?"

அண்ணன் தலையை மட்டும் அசைத்தான்.

"உங்க வேலை போயிடும்னும் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏங்க?"

அவன் துல்லியத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "அந்த ட்யூப் போனதைச் சொல்றப்ப என் முன்னாடி அழுதாரு. கையைப் புடிச்சுக்கிட்டாரு. அவ்வளவு பெரிய மனுஷன். எப்படிக் காட்டிக்குடுக்கறது?"

"நேத்து ராத்திரி நானும்தான் உங்க முன்னாடி அழுதேன்," என்றாள் அண்ணி.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஹாலில் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு அவளை இத்தனை வருஷமாகத் தெரியும். அவள் அழுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அண்ணனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.

டாக்டர் எழுதி வைத்திருந்த புகாரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நான்காகக் கிழித்தார். அவ்வளவுதான் மன்னிப்பு. அடுத்த நிமிஷமே சங்கம் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. தட்டை ஸ்கிரீன் வைக்கக் கூடாதென்று விதியில் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் கோப்பை போன வருஷம் இரண்டாவதாக வந்த தனக்குத்தானே என்றார் இன்னொருவர். நேற்றிலிருந்து திருடன் என்று தாங்கள் நினைத்த மனிதன் வாசலில் நிற்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. நானூறு கோடு பார்க்கிற கண்கள்.

டாக்டர் மட்டும் கார்டை மஞ்சள் துணியோடு அண்ணனிடம் நீட்டினார். "நீங்களே செருகுங்க. உங்களுக்குத்தானே ஆசை. என் மானிட்டர்ல போடலாம்."

அண்ணனின் கை தானாக நீண்டது. பாதியில் நின்று அண்ணியைப் பார்த்தான்.

"செருகுங்க," என்றாள் அண்ணி. "ஆசை தீரப் பாத்துட்டு வாங்க. நான் கீழ நிக்கறேன்."

கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. அண்ணி லாண்டரி இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள், என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணன் வர நேரமாகும்," என்றேன். "டீ வாங்கிட்டு வரவா?"

"வேண்டாம். டீ பேச்சையே எடுக்காதே."

நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமே படியில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன்தான். இரண்டு கையாலும் துல்லியத்தின் மானிட்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தான்.

அண்ணி அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"படம் வந்துச்சா?" என்று நான்தான் கேட்டேன்.

"பாக்கல. டாக்டர்கிட்டயே குடுத்துட்டேன்," என்றான் அண்ணன். "இவ கீழ நிக்கறாளே."

அண்ணியின் முகத்தில் எதுவோ இளகியது. ஒரு கணம்தான். பிறகு அவன் கையில் இருந்ததைக் காட்டினாள்.

"இது என்ன?"

"அவரைப் போகச் சொல்லிட்டாங்க. காருல வைக்கணும். அவருக்கு இதயம் பலவீனம், படியில தூக்க முடியாதுன்னாரு…"

அண்ணி அவனை முடிக்க விடவில்லை. அவன் கையிலிருந்து மானிட்டரை ஒரே கையால் வாங்கி, படிக்கட்டின் கடைசிப் படியில் வைத்தாள். கையைத் தட்டிக்கொண்டாள்.

"அவரே வந்து எடுத்துக்கட்டும்," என்றாள். "கனமில்ல."

அண்ணன் வெறுங்கையோடு சிறிது நேரம் நின்றான். பிறகு, மாறிப் போட்டிருந்த பித்தானைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்தில் நடந்தான். மேலே படியில் ஒரு ஜோடிச் செருப்பு மெதுவாக இறங்கி வரும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.